பெரிய காலிபர் ரிவால்வர்: எந்த எண் எதற்கு, வடசென்னையில் எது நடக்கும்?

மேக்னம் ரிவால்வர் சுடும் வீடியோ ஒன்று கைபேசிக்கு வந்துவிட்டால் போதும், வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஒரே மாதிரி கேள்விகள்தான் கிளம்பும். .44 பெரிதா .357 பெரிதா, .500 வைத்துக் கரடியை நிறுத்த முடியுமா, இங்கே லைசென்ஸ் கிடைக்குமா, டெக்ஸாஸில் இருக்கும் மச்சான் ஒன்று வாங்கப் போகிறானாம், எதை வாங்கச் சொல்வது. எல்லாவற்றையும் ஒரே கேள்வியாக நினைப்பதால்தான் குழப்பம். அமெரிக்காவில் வேட்டைக்கு வாங்குவது ஒரு கணக்கு, குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு வாங்குவது இன்னொரு கணக்கு, தமிழ்நாட்டில் சட்டப்படி கையில் வைத்திருப்பது மூன்றாவது.

காலிபர் எண்ணை வைத்து ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பது தப்பான இடத்தில் தொடங்குவது. எதைச் சுடப் போகிறோம், எவ்வளவு தூரத்தில், நம் மணிக்கட்டு எத்தனை தோட்டா வரைக்கும் தாங்கும், இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எண் தானாக வந்து நிற்கும்.

## தோட்டாவும் எண்ணும்

பித்தளை உறை, அதன் அடியில், அடிபட்டால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. இந்த நாலும் சேர்ந்தது தோட்டா. குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும், ரிவால்வரில் காலி உறை, தோட்டாக்களை அடுக்கிச் சுழலும் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம், ஏறத்தாழ குண்டின் குறுக்களவு. .44 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 44 பங்கு. அதுவும் தோராயம்தான். .44 மேக்னம் குண்டின் நிஜ விட்டம் .429 அங்குலம், .38 ஸ்பெஷல் தோட்டாவில் உட்கார்ந்திருப்பது .357 அங்குலக் குண்டு. பழைய காலத்தில் வைத்த பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

மேக்னம் என்று சேர்த்துச் சொன்னால் அதே விட்டத்தில் நீளமான உறை, கூடுதல் அழுத்தம் என்று புரிந்துகொள்ளலாம். .38 ஸ்பெஷலை விட .357 மேக்னம் உறையும், .44 ஸ்பெஷலை விட .44 மேக்னம் உறையும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம். இதை வேண்டுமென்றேதான் செய்தார்கள். பலமான தோட்டா பழைய, பலவீனமான துப்பாக்கிக்குள் போய் உட்காரக் கூடாது. ஆனால் குட்டைத் தோட்டா நீள அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) போகும், அதாவது .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷலையும் சுடலாம். இந்த ஒருவழிப் பாதைதான் வாங்குபவருக்குப் பெரிய சலுகை, பின்னால் வருகிறேன்.

## எடை, வேகம், ஆற்றல்

கேரம் தெரியாத தெரு வடசென்னையில் கிடையாது, அந்தக் கணக்கிலேயே சொல்லலாம். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. .44 மேக்னத்தின் வழக்கமான 240 கிரெய்ன் குண்டு 15.5 கிராம். கிட்டத்தட்ட ஒரு ஸ்ட்ரைக்கர் எடையுள்ள ஈயத்தை விநாடிக்கு 400 மீட்டருக்கு மேல் வேகத்தில் அனுப்புவதுதான் அந்த ரிவால்வரின் வேலை.

குழல் வாயில் குண்டு சுமக்கும் ஆற்றலைத் தோராயமாக வரிசைப்படுத்தினால் (தயாரிப்பாளர், குழல் நீளத்தைப் பொறுத்து கொஞ்சம் ஏறி இறங்கும்):

1. .22 கைத்துப்பாக்கி: 120 ஜூல்
2. .32, நம்மூர் லைசென்ஸ் ரிவால்வர்: 160 ஜூல்
3. .357 மேக்னம்: 740 ஜூல்
4. .44 மேக்னம்: 1,300 ஜூல்
5. .454 கசுல்: 2,300 ஜூல்
6. .500 ஸ்மித் அண்ட் வெஸன்: 3,400 ஜூல்

கடைசி எண் ராணுவ 7.62 ரைஃபிள் குண்டின் ஆற்றலையே நெருங்குகிறது. அதற்காக ரிவால்வர் ரைஃபிள் ஆகிவிடாது. தடித்த, மழுங்கிய குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், குறியும் கை நடுக்கத்தோடு சேர்ந்தே ஆடும். வீடியோவில் தர்பூசணி சிதறுவதைப் பார்த்து இதைக் கணக்குப் போட முடியாது.

## இவ்வளவு பெரிதாக ஏன் செய்தார்கள்

1873-இல் கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு வந்த .45 கோல்ட் தோட்டா கரிமருந்துக் காலத்துச் சரக்கு. புகையில்லா மருந்தும் நல்ல எஃகும் வந்தபிறகு, கைத்துப்பாக்கியில் மான் வேட்டை ஆட வேண்டும் என்று நினைத்தவர்கள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத் இதில் முக்கியமான ஆள், சொந்தமாக மருந்து அடைத்துச் சோதித்துப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். 1935-இல் .357 மேக்னம், 1955 இறுதியில் .44 மேக்னம், இரண்டிலும் அவர் கை உண்டு. டிக் கசுல் 1950-களிலேயே சோதித்துப் பார்த்த .454, 1983-இல்தான் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மூலம் விற்பனைக்கு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் .500-ஐக் கொண்டுவந்தது 2003-இல். ஆறு தோட்டாவுக்கு இடம் போதாமல் அதன் சிலிண்டரில் ஐந்துதான், நீளக் குழல் மாடல் ஒன்று சும்மாவே இரண்டு கிலோ.

அரைத் தானியங்கிப் பிஸ்டல் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு? பிஸ்டலில் தோட்டா கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் நிற்க வேண்டும், நீளமான மேக்னம் தோட்டாவை அங்கே நுழைத்தால் பிடி கைக்கு அடங்காது. ரிவால்வரில் கைப்பிடிக்கும் தோட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை. இயங்குவதற்குத் தோட்டாவின் வேகத்தையும் அது நம்புவதில்லை, அதனால் மென்மையான தோட்டாவும் முரட்டுத் தோட்டாவும் ஒரே துப்பாக்கியில் ஓடும்.

## வேட்டையில் எது கணக்கு

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. குறைந்தபட்ச காலிபர், குறைந்தபட்சக் குழல் நீளம் என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மச்சான் முதலில் பார்க்க வேண்டியது தன் மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை, கடைக்காரர் பேச்சை அப்புறம் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செப்புக் குண்டுதான்.

ரிவால்வர் குண்டு விலங்கை வீழ்த்துவது ஓர் ஓட்டையை ஆழமாகப் போட்டு இதயத்தையோ நுரையீரலையோ சேதப்படுத்துவதால். ரைஃபிளின் அதிவேகக் குண்டு போல அது திசுவைச் சுற்றிலும் கிழிப்பது குறைவு. ஆகவே கனமான, உடையாத குண்டு, போதுமான ஊடுருவல், சரியான இடம் என்ற மூன்றும் வேண்டும். அதில் சரியான இடம்தான் முதலாவது. .500 குண்டு வயிற்றில் பட்டால் விலங்கு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும், .357 நுரையீரலில் பட்டால் பக்கத்திலேயே விழும்.

தூரம் என்று வந்தால், சாதாரண மானுக்கு .357 ஐம்பது மீட்டர் வரை, .44 நூறு மீட்டர் வரை என்பது வேட்டைக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. சுடுபவரின் எல்லை அதைவிடக் குறைவாகவே இருக்கும். உட்கார்ந்தோ மரத்தில் சாய்ந்தோ ஒரு சோற்றுத்தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவும் விழும் தூரம் எதுவோ, அதுதான் அவருடைய வேட்டைத் தூரம். ஐம்பது மீட்டரில் தட்டைத் தவறவிடுபவர் .454 வாங்கினால் இன்னும் அதிகமாகத் தவறவிடுவார், ஏனென்றால் அடுத்த உதையை நினைத்து விரல் முன்கூட்டியே வெட்டி இழுக்கும். பெரிய காலிபர் வாங்கும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அலாஸ்கா போன்ற கரடி நாட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் தற்காப்புக்கு .44 அல்லது .454 வைத்துக்கொள்வது வேறு விஷயம். அங்கே தூரம் பத்து மீட்டருக்குள், தேவை ஊடுருவல்.

## குறிபார்த்தலில் எது கணக்கு

இங்கே கணக்கு தலைகீழ். தாளில் ஓட்டை விழ 120 ஜூலே தாராளம். ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் பிரிவுகள் 10 மீட்டரில் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலும் 25 மீட்டரில் .22-ம்தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில், 2012 லண்டனில் விஜய் குமார் வாங்கிய வெள்ளி .22-இல். உலகப் போட்டிகளில் இருக்கும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் (உறை அடியின் நடுவில் பிரைமர் உள்ள தோட்டா) பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு, ஆனால் மேக்னம் தோட்டாவுக்கு இடமில்லை. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோஹாவிலும் தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான்.

பெரிய காலிபருக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் குறிபார்த்தல் ஒன்று உண்டு, உலோக நிழலுருவப் போட்டி. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா வடிவில் வெட்டிய எஃகுத் தகடுகளை 50, 100, 150, 200 மீட்டரில் நிறுத்தி வைப்பார்கள். பட்டால் போதாது, தகடு விழவும் வேண்டும். 200 மீட்டர் கடா இருபது கிலோவுக்கு மேல், லேசான குண்டு பட்டால் டங்கென்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே நிற்கும். .44 மேக்னத்தின் உந்தத்துக்கு அங்கேதான் விலை. 1976-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கினார்கள்.

## வாங்குபவர் பார்க்க வேண்டியவை

1. எடை. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும், இது வெறும் இயற்பியல். தூக்க சுகமாக இருக்கிறது என்று லேசான .44 வாங்கியவர்கள் ஒரு பெட்டி தோட்டாவை முடிக்காமல் விற்றுவிடுகிறார்கள். .44-க்கு 1.3 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

2. குழல் நீளம். நாலு அங்குலம் இடுப்பில் சுமக்க வசதி. ஆறு முதல் ஏழரை அங்குலம் வேட்டை, குறிபார்த்தல் இரண்டுக்கும் நடுவழி. பத்து அங்குலம் என்றால் நிழலுருவப் போட்டிக்கும் தொலைநோக்கி பொருத்துவதற்கும்.

3. விசை. சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் ஹேமரை (பிரைமரைத் தட்டும் சுத்தியலை) பின்னால் இழுக்க வேண்டும், டிரிக்கர் பிறகு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தத்தில் விடும். டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கரை இழுத்தாலே போதும், ஆனால் ஐந்து கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கும். வேட்டையில் குறிபார்த்துச் சுடுபவர்கள் டபுள் ஆக்‌ஷனையும் ஹேமரை இழுத்துவிட்டுத்தான் சுடுகிறார்கள். விலை குறைவும் உறுதியும் வேண்டுமென்றால் ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் மாதிரி சிங்கிள் ஆக்‌ஷன், கரடி நாட்டில் அவசரத்துக்கு டபுள்.

4. பிடி. சிங்கிள் ஆக்‌ஷனின் உழவுக் கலப்பையின் மேழி போல வளைந்த பிடி பின்னுதைப்பில் உள்ளங்கையில் உருண்டு மேலே போகும், உதை கொஞ்சம் ஆறும். டபுள் ஆக்‌ஷன் நேராக உள்ளங்கையில் குத்தும், அதற்கு ரப்பர் பிடி அவசியம். எது தன் கைக்குப் பொருந்தும் என்பது வாடகைக்குச் சுடும் ரேஞ்சில் சுட்டுப் பார்க்காமல் தெரியாது.

5. மென்மையான தோட்டா. முன்னால் சொன்ன ஒருவழிப் பாதை இங்கே உதவும். .357 வாங்கினால் .38 ஸ்பெஷலில் பயிற்சி, .44 மேக்னம் வாங்கினால் .44 ஸ்பெஷலில், .454 கசுலில் .45 கோல்ட். உதை குறைவு. ஆனால் குட்டை உறைகளை நிறையச் சுட்டால் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும், அதைத் தேய்த்து எடுக்காமல் மேக்னத்தைத் திணிக்கக் கூடாது.

6. குண்டு நகர்தல். லேசான ரிவால்வரில் பலமான தோட்டா சுடும்போது, மீதித் தோட்டாக்களின் குண்டுகள் உதறலில் மெல்ல வெளியே நழுவி சிலிண்டரையே சிக்க வைக்கும். உறை வாயை இறுக்கமாக மடித்த தோட்டாவைத்தான் வாங்க வேண்டும்.

7. சிலிண்டர் இடைவெளி. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் வெட்டிப் பாயும். ரைஃபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் வைத்தவர்களுக்கு .460, .500 ரகங்களில் விரலே போகலாம். இரு கையும் பிடியில்தான் இருக்க வேண்டும்.

8. காது. மேக்னத்தின் சத்தம் 160 டெசிபெல்லைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடி நிரந்தரமாகக் கேட்கும் திறனைக் குறைக்கும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி, இரண்டும் வேண்டும். கண்ணாடியும்.

என் தீர்ப்பு கேட்டால், அமெரிக்காவில் முறைப்படி வாங்க முடிகிற ஒருவர் முதலில் .22-இல் டிரிக்கர் பழகட்டும். அப்புறம் மான் வேட்டைக்கும் குறிபார்த்தலுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்றால், ஆறு அல்லது ஏழரை அங்குலக் குழல் கொண்ட .44 மேக்னம். உடல்வாகு சிறியது என்றால் .357. ஐந்தில் நாலு பேருக்கு .500 என்பது வீடியோ எடுக்கும் ஆசை மட்டுமே.

## தமிழ்நாட்டில்: வேட்டைப் பாதி கிடையாது

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது, 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டையும் முடிந்துபோனது. அட்டவணையில் உள்ள விலங்கைக் கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் பொறி வைப்பதும் முயற்சி செய்வதும் சட்டப்படி வேட்டைதான். புள்ளிமான், முயல், காட்டுப்பன்றி எல்லாமே அட்டவணையில் இருக்கின்றன. 2022 திருத்தம் அபராத உச்சவரம்பை 25 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சமாக்கியது, முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை.

"காட்டுப்பன்றியைச் சுட அரசே ஆணை போட்டதே" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். விவசாயியோ லைசென்ஸ் வைத்திருப்பவரோ எடுத்துக்கொண்டு கிளம்ப அதில் இடமில்லை.

நம் பக்கத்துக்கு இன்னொரு விஷயம் நெருக்கம். பழவேற்காடு, எண்ணூர் கழிமுகப் பக்கம் ஏர் கன்னோடு பறவை சுடப் போகிறவர்கள், ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று வாதாடுவார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையும் 20 ஜூலையும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், சரி. கொக்கைச் சுட்டால் வழக்கு வனவிலங்குச் சட்டத்தில் வரும், ஏர் கன் லைசென்ஸ் பேச்சு அங்கே எடுபடாது.

## ஆயுதச் சட்டம் எதை விடுகிறது

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் துப்பாக்கிகள் தடைசெய்த ரகம், தடைசெய்யாத ரகம் என்று பிரிகின்றன. ராணுவ, காவல் தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் (.380, .455 ரிம் தோட்டாக்கள், அதாவது உறை அடியில் விளிம்பு துருத்தியவை, 9 மில்லிமீட்டர், ரிம் இல்லாத .45) முதல் பக்கம் போய்விடும். மீதியில் கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர், கான்பூர் அரசுத் தொழிற்சாலையினுடையது, அல்லது உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் தயாராவது. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே மூடிய கதவு, தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் பழைய வெளிநாட்டு மேக்னம் ஒன்று முறைப்படி கைமாறினால் விலை பல லட்சம். அந்தக் காசுக்கு நல்ல போட்டிப் பிஸ்டலே வாங்கலாம்.

லைசென்ஸுக்கு 21 வயது, உயிருக்கு அச்சுறுத்தல் போன்ற காரணம், காவல்துறை அறிக்கை, பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். சென்னை மாநகரில் லைசென்ஸ் தருபவர் காவல் ஆணையர், அலுவலகம் வேப்பேரியில். மணலி, செங்குன்றம் பக்கம் 2022-இல் தொடங்கிய ஆவடி ஆணையரகத்தில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் காலம் ஐந்து ஆண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை, தடைசெய்த ரகம் என்றால் ஏழிலிருந்து பதினான்கு.

சுடும் ஆசை மட்டும்தான் என்றால் இந்த வழியே வேண்டாம். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே பஸ் தூரம். நகரில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி தரும் தனியார் ரேஞ்சுகளும் உண்டு. ஏர் பிஸ்டலில் கற்பது நிற்பது, மூச்சு, விரல், அதுதான் .44-க்கும் அடிப்படை. முதலில் ஏர் பிஸ்டல், அப்புறம் .22, மாநிலப் போட்டி, தேசியத் தகுதி என்று ஏறுபவருக்குத்தான் சட்டம் விலக்குகளைத் திறக்கிறது.

## வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்

கப்பலில் வேலை பார்ப்பவர்களும் அமெரிக்கா போய் வருபவர்களும் நம் பக்கத்தில் நிறையப் பேர். அங்கே வாங்கிய ரிவால்வரைப் பயணப் பையில் கொண்டுவர முடியாது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வருபவருக்கு அனுமதிக்கப்பட்ட ரகத்தில் ஒன்றுக்குச் சுங்கத்தில் வழி இருந்தாலும், அங்கே ஓராண்டாவது வைத்திருந்திருக்க வேண்டும், உள்ளூர் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது.

துப்பாக்கியை விட அதிகம் பேரை மாட்டிவிடுவது ஒற்றைத் தோட்டா. லாஸ் வேகாஸில் காசு கொடுத்துச் சுட்டுவிட்டு ஞாபகத்துக்கு ஒன்றை ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டால், மீனம்பாக்கம் ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரியும், வழக்கு ஆயுதச் சட்டத்தில்தான் வரும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை, ஆனால் தெரியாது என்று நிரூபிக்க வக்கீல், வாய்தா, முடங்கிய பாஸ்போர்ட் என்று மாதக்கணக்கில் போகும், கப்பல்காரருக்கு அடுத்த ஒப்பந்தமும் போகும். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை ஊருக்குக் கட்டாமல் இருப்பதே சுலபம். அதே பைதான் என்றால் ஓர அறை, உள்ஜிப், ஷூ உறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் துணியை அடுக்கவும்.